நூற்றுத் தொண்ணூற்று நான்கு கதவுகள்

வைகாசி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த மின்சாரம் திரும்பி வந்து காலனி முழுக்க மின்விசிறிகள் சுற்றத் தொடங்கிய பிற்பகல் இரண்டரை மணியிலிருந்து, தாழையடி வீட்டுவசதிக் காலனியில் எந்தக் கதவும் தன்னுடைய வீட்டுக்குள் விடவில்லை. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையை ஒட்டிய காலனி அது. பதினாறு தெரு, தெருவுக்குப் பதினாறு வீடு, ஆக இருநூற்று ஐம்பத்தாறு வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் அடித்த பச்சைக் கதவு, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியிருந்ததால் ஒரு வீட்டுக்கும் பின்வாசல் கிடையாது. திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்று பார்த்தால் தன் வீட்டு நாற்காலியும் தன் வீட்டு நாள்காட்டியும்தான் தெரிந்தன. நிலையைத் தாண்டிக் கால் வைத்ததும் வேறு யாருடைய வீட்டுக் கூடத்திலோ நின்றார்கள். வெளியே வருவதில் ஒரு குழப்பமும் இல்லை, எந்த வீட்டுக்குள் இருந்தார்களோ அந்த வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்கள். உள்ளே போவதுதான் மாறிப்போயிற்று.

முதல் வாரம் கொஞ்சம் சத்தமாக இருந்தது. குளித்துவிட்டுத் துண்டோடு நின்றவர்கள் முன்னால் அந்நியர்கள் வந்து நின்றார்கள், ஒன்பதாம் தெருவில் ஒரு மாமியார் தன் மருமகளை ஏச வந்து வேறொருத்தி மருமகளை அரைமணி நேரம் ஏசினாள். இரண்டாம் வாரம் அவரவர் தங்கள் வீட்டுக்குள் விடும் கதவு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சாவிகளை மாற்றிக்கொண்டார்கள். மூன்றாம் வாரத்துக்குள் செருப்பைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் போவது பழக்கமாகிவிட்டது, ஏனென்றால் உள்ளே போகும் வாசலில் விட்டால் வெளியே வரும் வாசலில் அது இருக்காது. கல்யாணப் பத்திரிகைகளில் 'வீடு 88, வழி 143' என்று இரண்டு எண்கள் அச்சாயின. கோலத்தைத் தன் வீட்டு வாசலில் போடுவதா, தான் உள்ளே நுழைகிற வாசலில் போடுவதா என்று சில பெண்கள் சண்டை போட்டு, கடைசியில் இரண்டிலும் போட்டார்கள். எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டவர்கள் குறைவு. அதற்குள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

கேட்டவள் ஒருத்தி உண்டு. ஐந்தாம் தெருவில் எழுபத்தோராம் எண் வீட்டிலிருந்த ஜெபக்கனி, முப்பத்தொன்பது வயது, ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். பதினோரு வருடமாக ஒரே ஒரு பொருளைத் தேடி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்து, மூன்று முறை நீட்டிப்பு வாங்கியிருந்தாள்; இந்த முறை இதுதான் கடைசி என்று பல்கலைக்கழகம் எழுதி அனுப்பியிருந்தது. அவள் தேடியது என்ன என்று அவள் கணவன் இஸ்ரவேலுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. அவன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது, அவள் அவனுக்குச் சுவரிலிருந்த சுவிட்ச் போர்டைக் காட்டினாள்.

"இதுல எட்டு சுவிட்ச், அந்தப் பக்கம் எட்டு லைட்டுன்னு வச்சுக்கோங்க. சுவிட்சுகளை எப்படிப் போட்டாலும் ஒவ்வொன்னுக்கும் லைட்டு வேற வேற மாதிரி எரியணும்."

"சரி."

"இப்ப மூணாவதையும் அஞ்சாவதையும் மாத்திப் போடுதோம். எந்த லைட்டெல்லாம் மாறுதுன்னு பாக்கோம். ஒழுங்கான போர்டுல எப்ப மாத்தினாலும் அதே லைட்டுதான் மாறும். நான் தேடுத போர்டுல, ஒவ்வொரு நிலையில இருந்து மாத்தும்போதும் மாறுத லைட்டு வேற. போட்டதைத் திருப்பிப் போட்டா வேணா அதே மாதிரி வரும். மத்தபடி ஒரு தடவை வந்த மாற்றம் மறுதடவை வரவே கூடாது."

"அப்படி ஒரு போர்டை எவன் வாங்குவான், கனி?"

"ரகசியத்தைப் பூட்டி வைக்கணும்னு நெனைக்கிறவன் வாங்குவான். ஏழு சுவிட்சுக்கு இருக்கு, ஒன்பதுக்கு இருக்கு, ஆறுக்கு ரொம்ப நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சாங்க. எட்டுக்கு மட்டும் உண்டா இல்லையான்னே இன்னிக்கு வரைக்கும் எவனுக்கும் தெரியாது."

எட்டு சுவிட்சை மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு விதமாகப் போடலாம். காலனியில் இருநூற்று ஐம்பத்தாறு வீடுகள்: கதவு என்பது சுவிட்ச் போட்ட விதம், அது விடும் வீடு லைட்டு எரியும் விதம். எந்த இரண்டு கதவும் ஒரே வீட்டுக்குள் விடவில்லை. அதற்கு மேல் ஒன்றை அவள் கவனித்தாள்: இந்தக் காலனியில் யாரும் யாருக்கும் வழி சொல்ல முடியவில்லை. 'எங்கள் கதவிலிருந்து நாலு கதவு தள்ளிப் போனேன், நாலு வீடு தள்ளி வந்தேன், நீயும் அப்படிப் போ' என்று ஒருத்தர் சொன்னதை நம்பிப் போன இன்னொருவர் ஒரு முறைகூடச் சரியான இடத்துக்கு வந்து சேரவில்லை. ஒருத்தருக்குப் பலித்தது இன்னொருத்தருக்குப் பலிக்காத இடம். பதினோரு வருடம் கம்ப்யூட்டருக்குள் தேடியது தன் தெருவில் பச்சைப் பெயின்ட் அடித்து நிற்கிறது என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

நோட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எந்தக் கதவு எந்த வீட்டுக்குள் விடுகிறது, அவ்வளவுதான் கேள்வி. பன்னிரண்டு நாளில் எல்லாப் பதிலும் வந்துவிட்டது. கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது பதினெட்டுக் கதவுகள் ஏற்கெனவே வேறு கதவு திறக்கும் வீட்டுக்குள் திறந்தன, பதினெட்டு வீடுகளுக்கு வழியே இல்லை. பொய் சொல்லியிருக்கிறார்கள். சங்கச் செயலாளர் உச்சிமாகாளியிடம் போய் நின்றாள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர் எதையும் முத்திரைத்தாளைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர்.

"நான்தான் சொல்லி வச்சிருக்கேன் டீச்சர்," என்றார் அவர். "வழி நம்பரை வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுன்னு தீர்மானம். திருடன் வந்துருவாம்லா?"

"நான் வெளியாளா சார்?"

"நீங்க இல்ல. ஆனா உங்க நோட்டு வெளிய போகுதுல்லா."

"யார் யார் பொய் சொன்னாங்கன்னாவது சொல்லச் சொல்லுங்க."

"அதை எப்படி டீச்சர் கேக்க? நான் சொன்னதுதான் எல்லாரும் செஞ்சிருக்காவ." பிறகு உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "இதுல அப்படி என்ன இருக்கு? எல்லாரும் பழகிட்டோமே."

பழகிவிட்டார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உலகத்தில் யாரும் காணாத ஒன்றின் நடுவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறார்கள். நோட்டைக் கிழித்துப் போட்டாள். இனி யார் வாயையும் நம்புவதில்லை, தன் காலை மட்டும் நம்புவது என்று முடிவு செய்தாள். கல்லூரி விட்டு வந்ததும் நாலரை மணிக்குப் புறப்படுவாள். திறந்திருக்கும் ஒரு கதவைத் தட்டி, உள்ளே கால் வைத்து, யார் வீட்டுக் கூடத்திலோ வந்து நின்று, "மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அந்த வீட்டைவிட்டு வெளியே வந்து, வாசலில் இருக்கும் எண்ணைப் படித்து எழுதுவாள். ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் அவளைப் பெண் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். ஒரு வீட்டில் நாய் கடித்தது. பூட்டிய கதவுகள், 'இப்ப வேண்டாம் டீச்சர்' என்ற கதவுகள், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு நாளைக்கும் அதையே சொன்ன கதவுகள். ஒரு நாளைக்கு ஐந்து கிடைத்தது, சில நாள் எட்டு, ஒரு மழை நாளில் ஒன்றுமில்லை.

இருபது கதவு முடிந்திருந்தபோது தச்சர் ஆறுமுகநயினார் அவளைத் தேடி வந்தார். பதினான்காம் தெருவில் கரையான் அரித்த ஒரு கதவைச் செப்பனிட வந்தவர் அவர்.

"கதவைக் கழத்திக் கீழ வச்சேன் டீச்சர். வெறும் நிலை வழியாப் போனா அந்த வீட்டுக்குள்ளதான் போவுது. நேரா, பழையபடி. கதவுலதான் இருக்கு எல்லாம்." அவருக்கு மூச்சு வாங்கியது. "எல்லாம் ஒரே அளவு கதவு. எது எந்த வீட்டுக்குள்ள விடுதோ அதை அந்த வீட்டு நிலையிலயே கொண்டுபோய் மாட்டினா முடிஞ்சுது. ஒரு நாள் வேலை. செயலாளர்ட்ட சொல்லப் போறேன், நீங்க இதையேதான் எழுதிட்டுத் திரியிறிய, அதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்."

ஜெபக்கனி அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"ரெண்டு வாரம் யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"நான் முடிச்சிருதேன். ரெண்டே வாரம்."

இரண்டு வாரம் போதாது என்று கேட்கும்போதே அவளுக்குத் தெரியும். முடியும்போது இன்னொரு இரண்டு வாரம் கேட்கலாம் என்று வைத்திருந்தாள். ஆறுமுகநயினார் தலையைச் சொறிந்தார், படித்த பிள்ளை கேட்கிறாள், அப்படி என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் அவளிடம் அறுபத்திரண்டு கதவுகள் இருந்தன. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொரு ஜோடிகளைக் கம்ப்யூட்டர் ஒன்றோடொன்று ஒப்பிட்டது. சும்மா கலைத்துப் போட்ட கதவுகளாக இருந்தால் சில இடங்களிலாவது ஒரே மாற்றம் இரண்டு தடவை வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. ஆளில்லாத ஆய்வகத்தில் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்போது காலை பதினொன்றேகால்.

அதே பதினொன்றேகாலுக்கு மூன்றாம் தெருவில் நாற்பத்தோராம் எண் வீட்டில், ஓய்வு பெற்ற நடத்துநர் சுடலைமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பகவதி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, பதற்றத்தில் வீட்டு எண்ணை மட்டும் சொன்னாள், வழி எண்ணைச் சொல்ல மறந்துவிட்டாள். வந்த இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள். நாற்பத்தொன்றாம் கதவுக்குள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி, தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முன்னால் போய் நின்றார்கள். வெளியே வந்து மறுபடி ஓடி வந்து மறுபடி நுழைந்தார்கள், மறுபடி அதே பெண். பகவதி வாசலுக்கு வந்து கத்தினாள், பன்னிரண்டாம் தெருவுக்குப் போங்க, நூத்தித் தொண்ணூறாம் நம்பர் கதவு என்று. அந்தக் கதவு பூட்டியிருந்தது, சாவி அவள் இடுப்பில் இருந்தது. ஒன்பது தெரு அவளும் ஓடினாள். எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு நிமிடம். சுடலைமுத்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனார்.

அன்று மாலை ஜெபக்கனி நோட்டை எடுக்கவில்லை. நேராக உச்சிமாகாளியின் வீட்டுக்குப் போய், தச்சர் கண்டுபிடித்ததைச் சொன்னாள். அவர் எப்போது கண்டுபிடித்தார் என்பதைச் சொல்லவில்லை. செயலாளர் அவளைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

"ஞாயித்துக்கிழமை வச்சுருவோம்," என்றார்.

அங்கேயே நின்றபடி அவள் ஒன்று கேட்டாள், கேட்கக் கூசியும் கேட்டாள். "கதவைத் தூக்கும்போது எந்தக் கதவு எந்த வீட்டுக்குப் போகுதுன்னு ஒரு சீட்டுல ரெண்டு நம்பர் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க சார். அவ்வளவு போதும்."

"அதுக்கென்ன, சொல்லிருவோம்," என்றார் உச்சிமாகாளி, சொல்லவும் செய்தார். ஆனால் இருநூற்று ஐம்பத்தாறு கதவுகள் ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும்போது குழம்பிவிடக் கூடாது என்று அவருக்கு இன்னொரு யோசனையும் வந்தது. சனிக்கிழமை பிற்பகலே பெயின்டர்கள் வந்து, ஒவ்வொரு கதவிலும் இருந்த பழைய எண்ணைப் பச்சையால் மூடி, அது போய்ச் சேர வேண்டிய வீட்டு எண்ணை வெள்ளையில் எழுதிவிட்டார்கள். வெளியூரில் தேர்வு மேற்பார்வை முடிந்து மறுநாள் காலை ஏழுக்குச் சற்று முன்னால் அவள் வந்து இறங்கியபோது பதினாறு தெருவிலும் பெயின்ட் வாசனை. நகத்தால் ஒரு கதவைச் சுரண்டிப் பார்த்தாள். அடியிலும் பச்சை, அதற்கடியிலும் பச்சை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவுகள் கிளம்பின. தலையில் சும்மாடு வைத்து முன்னும் பின்னும் ஆளாக, சைக்கிளில் குறுக்கே வைத்துத் தள்ளியபடி, மூன்று சக்கர வண்டியில் நான்கைந்தாக அடுக்கி, இருநூற்று ஐம்பத்தாறு பச்சைக் கதவுகள் பதினாறு தெருவிலும் ஒன்றையொன்று கடந்து, ஒன்றுக்கொன்று வழிவிட்டு, ஒரு கதவு போன பாதையில் இன்னொரு கதவு போகாமல் காலனி முழுக்க நகர்ந்தன, யாரோ டீ போட்டுக் கொடுத்தார்கள், யாரோ மைக் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். இஸ்ரவேல் பணிமனை ஆட்களைக் கூட்டி வந்து மூன்றாம் தெரு, நான்காம் தெருக் கதவுகளைப் பொறுப்பெடுத்திருந்தான். ஜெபக்கனி தெருக்கள் கூடும் முக்கில் நோட்டோடு நின்றாள். எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்தால் எங்கே போகிறது என்று எழுதலாம். பெயின்டில் போகிற இடம் மட்டும் இருந்தது. "எந்த வாசல்ல இருந்து வருது? எந்த வாசல்?" என்று ஒவ்வொரு கதவுக்கும் கத்தினாள். "அந்தா அங்க இருந்து டீச்சர்" என்று தலை அசையாமல் பதில் வந்தது. சீட்டு எழுதி வைத்திருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒன்று வியர்வையில் நனைந்து போயிருந்தது.

முக்கை விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் தெருவுக்குள் ஓடினாள், அங்கேயாவது நின்று கிளம்புகிற இடத்திலேயே பிடிக்கலாம் என்று. ஒரே ஓட்டத்தில் நாலு கதவு எழுதினாள். ஐந்தாவது நூற்றுத் தொண்ணூறாம் வாசல், அவளுடைய அறுபத்திரண்டில் அது ஏற்கெனவே இருந்தது. கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள், அதன் ஒரு ஓரத்தைப் பிடித்தபடி பகவதி தனியாக நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை இல்லை, பழைய ஊதாச் சேலைதான். அவர் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் தம்பி ஊருக்குப் போய்விட்டான், மகள் சூரத்திலிருந்து வந்து திரும்பிவிட்டாள். ஒவ்வொரு கதவுக்கும் ஆள் இருந்தார்கள், எல்லாரும் இன்னொருவர் வந்திருப்பார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"யக்கா, யாரும் வரலியா?"

"வருவாங்க டீச்சர். நீங்க உங்க சோலியைப் பாருங்க."

இடது பக்கம் ஒரு கதவு கிளம்பிப் போயிற்று. வலது பக்கம் இரண்டு கிளம்பின. ஜெபக்கனி அவற்றைப் பார்த்தாள். பிறகு நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கதவின் மறுமுனையைப் பிடித்தாள். தேக்கு இல்லை, ஏதோ மட்ட மரம், ஆனாலும் கனத்தது. இருவரும் தலைக்கு மேல் தூக்கினார்கள். பகவதி முன்னால், அவள் பின்னால். நடுவில் கதவு, ஒருத்தி முகம் மற்றவளுக்குத் தெரியவில்லை.

ஏழாம் தெருவைத் தாண்டினார்கள். அப்புறம் கதவுக்கு அடியிலிருந்து ஜெபக்கனி சொன்னாள், தச்சர் முன்னமே கண்டுபிடித்துவிட்டார் என்று, சுடலைமுத்து இறப்பதற்கு ஒன்பது நாளுக்கு முன்னால் தன்னிடம்தான் முதலில் சொன்னார் என்று, இரண்டு வாரம் பேசாமல் இருக்கச் சொன்னது தான்தான் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாலைந்து கதவுகள் அவர்களைக் கடந்து போயின.

பகவதி நின்றாள். "கீழ இறக்கு," என்றாள்.

நடுத்தெருவில் கதவை இறக்கி வைத்தார்கள். பகவதி திரும்பி அவளைப் பார்த்தாள். கை ஓங்குவாள் என்று ஜெபக்கனி நினைத்தாள், ஓங்கினால் நல்லது என்றும் நினைத்தாள்.

"எத்தனை கதவு மிச்சம் உனக்கு?"

"நூத்தித் தொண்ணூத்தி நாலு இருந்துச்சு யக்கா."

"எத்தனை நாள் ஆயிருக்கும்?"

"நாப்பது நாள். அதுக்கு மேலயும் ஆயிருக்கும்."

பகவதி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். அவர்களைச் சுற்றிக் கதவுகள் போய்க்கொண்டே இருந்தன, ஒதுங்குங்க ஒதுங்குங்க என்று சொல்லிக்கொண்டு.

"தூக்கு," என்றாள்.

நாற்பத்தோராம் வீட்டு நிலையில் ஆறுமுகநயினார் கீலைப் பொருத்தினார். யார் கண்ணையும் பார்க்கவில்லை. மாட்டி முடித்ததும் பகவதி உள்ளே கால் வைத்தாள், தன் வீட்டுக்குள் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஜெபக்கனியோடு பேசவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்றாம் எண் கதவு ஒன்றாம் எண் வீட்டுக்குள் விட்டது, இரண்டாம் எண் இரண்டுக்குள், இருநூற்று ஐம்பத்தாறு இருநூற்று ஐம்பத்தாறுக்குள். கணக்கில் இதைவிடச் சப்பையான ஒன்று கிடையாது. காலனி முழுக்கப் பாயசம் வைத்தார்கள்.

வழி எண்ணை மறைக்க இனி காரணம் இல்லாததால் எல்லாரும் இப்போது தாராளமாகச் சொன்னார்கள். எழுபத்தெட்டு என்றான் ஒரு கணவன், எண்பத்தேழு என்றாள் மனைவி, இரண்டும் இல்லை என்றாள் மகள். ஒரு மாதத்துக்குள் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள், மீதிப் பேர் தவறாக நினைவு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிடித்த நாலு கதவிலும் இரண்டை ஓடும்போது மாற்றி எழுதியிருக்கிறாள் என்று கம்ப்யூட்டர் காட்டியது. எந்த இரண்டு என்று தெரியாமல் நாலையும் அடித்தாள். சீட்டுகளையும் நம்பவில்லை. அறுபத்திரண்டிலிருந்து மீதியைக் கட்டி எழுப்பக் கம்ப்யூட்டரை விட்டாள். ஒவ்வொரு கதவுக்கும் இன்னும் நூறு வீடுகள் சாத்தியம் என்றது, நாலு மாதம் ஓடியும் அதையே சொன்னது.

அறுபத்திரண்டையும் தன் வழிகாட்டியான பேராசிரியர் திருவேங்கடத்துக்கு அனுப்பினாள். மறுநாளே அவர் போனில் வந்தார். பதினோரு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை.

"எங்கம்மா கிடைச்சுது இது? மீதி எங்க? ஏன் அறுபத்திரண்டோட நிறுத்திட்டீங்க?"

அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள், தச்சரிடம் கேட்டதையும் விடாமல். அவர் நம்பினாரா என்று அவளுக்குத் தெரியாது.

"இன்னொரு தடவை நீட்டிப்புக் கேட்டு எழுதுங்க," என்றார் கடைசியில். "கொடுக்க மாட்டாங்க. ஆனாலும் எழுதுங்க."

படிவத்தில் 'தாமதத்துக்கான காரணம்' என்ற இடத்தில் ஒரு வரிதான் இருந்தது. 'கதவு தூக்கப் போயிருந்தேன்' என்று எழுதி அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து, 'காரணம் தெளிவாக இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி அலுவலகம் திருப்பி அனுப்பியது.

ஜெபக்கனி அதைச் சமையலறை மேசைமேல் வைத்துப் பார்த்தாள். இஸ்ரவேல், உடம்பு சரியில்லை என்று எழுது, டாக்டர் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றான். அவள் பேனாவை எடுத்தாள். எழுதியதில் ஒரு சொல்லையும் அடிக்காமல், இடம் போதாததால் ஓரத்தில் பொடி எழுத்தில், 'மறுமுனையைப் பிடிக்க வேறு ஆள் இல்லை' என்று சேர்த்து, கையெழுத்துப் போட்டு, அதே படிவத்தை மறுபடி உறையில் போட்டு ஒட்டினாள்.